திருப்பி மாட்டிய டோக்கன்

திங்கட்கிழமை, காலை

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வாலுவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் எங்கள் நினைப்பு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் பேசினால் ஒட்டுக் கேட்பார்கள் என்று நீ சொல்லிவிட்டதால், இந்தக் காலத்தில் தபால்காரருக்காக வாசலில் காத்து நிற்கும் ஒரே ஆள் இந்தத் தெருவில் நான்தான். அவரும் என்னைக் கண்டாலே, "என்ன சார், இந்த வயசுல காதல் கடிதமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். தங்கச்சி எழுதுகிறாள் என்றால் கண்ணடிக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். அதே சலவைக்கூடம்தான், அதே ஓட்டல் விரிப்புகள்தான். ஈரம் போகப் பிழிந்து வருவதைப் பெரிய உருளைக்குள் விட்டு, மறுபக்கம் சூடாக வருவதை மடித்து அடுக்குகிறேன். உன் அண்ணி பக்கத்து அறையில் கிழிசல் தைக்கிறாள். ஒரே கூரைக்கடியில் வேலை பார்க்கிறோமே தவிர, சாப்பாட்டு நேரத்தில்தான் முகம் பார்க்கிறோம். அதிலும் பாதி நேரம் நான் மடித்த மடிப்பு சரியில்லை என்ற பேச்சுதான்.

உன் கடிதத்தின் பின்பக்கத்தில் வாலு பென்சிலில் இரண்டு வரி கிறுக்கியிருந்ததை நீ கவனித்தாயோ என்னவோ. நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளாம். வெளியூர்ப் பள்ளியில் விடுதியோடு இடம் கிடைக்கிறதாம். நீ விடமாட்டேன் என்கிறாயாம், அப்பா வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று. நீ இன்னும் கதவைத் தாழ் போடாமல்தான் தூங்குகிறாய், அவர் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று. போன மாதம் எவனோ உள்ளே வந்து குடையையும் இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனானாம். பக்கத்து வீட்டுப் பூனை உன் கால்மாட்டில் குட்டி போட்டதாம். படித்துவிட்டு உன் அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் எழுந்து போய் எங்கள் கதவின் தாழை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

விபத்து விசாரணை ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ் பற்றி எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்தது இதுதான். மாவு ஆலை வெடித்த அன்று உலர்த்தும் அறையிலிருந்து எடுத்தது, யார் எவரென்று அடையாளம் தெரியாமல், ஒன்பது வருடமாக நான்கு பெட்டிகளில் இருக்கிறது. இப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. பிள்ளைகளோ பெற்றவர்களோ கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் எந்தப் பெட்டியில் யார் என்று சொல்லிவிடுவார்கள். பதினைந்தாம் தேதிக்குள் யாரும் வராவிட்டால் நான்கையும் சேர்த்து ஒரே இடத்தில் புதைத்துவிடுவார்கள். வாலுவுக்குப் பதினைந்து வயதுதான் என்பதால் நீ கையெழுத்துப் போட வேண்டும். நீ அந்த நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டாய்.

காணாமல் போன நாலு பேரும் உயிரோடு இருக்கும்போது இப்படி ஒரு சோதனை வைத்து, செத்துவிட்டார்கள் என்று எழுதி, ஃபைலை மூடப் பார்க்கிறார்கள் என்று, உன்னைப் போலவே தன் மகனைத் தேடும் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னாராம். அதைத் தடுக்க என் கையால் ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும், நீ பின்கதவு வழியாக வெளியே வந்ததையும் அவர்களை ஏற்றிப் போக அங்கே நின்ற வண்டியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். இந்த வாரம் வேலை கொஞ்சம் அதிகம். உள்ளங்கைத் தழும்பும் குளிரில் இறுகிப் போய், பேனா பிடிக்க ஒரு மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

கிழித்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதே. ஒரு கவரில் எடுத்து வை. வாலுவுக்கு என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்.



வியாழக்கிழமை, மத்தியானம்

பாப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடமாகிறது! இன்று இப்படித்தான் தொடங்க வந்தது. இன்று நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி என்ன ஆச்சு என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். கலியாணமாகி ஏழு வருடத்தில் ஒரு தடவை கூட வாயைத் திறக்காத விஷயத்தை, டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று பார்த்தேன். அடுப்பை அணைத்தாள். மேசையைத் துடைத்தாள். பேப்பரையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு, "முதல்ல அவளுக்கு எழுதுங்க. அப்புறம் சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இது நான்காவது.

நீ கேட்ட சாட்சிக் கடிதம் இதுதான். நீ கேட்ட மாதிரி இருக்காது. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். வாலு பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும், அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வெடித்தபோது நான் உள்ளே இல்லை.

திரும்பவும் எழுதுகிறேன், தெளிவாக இருக்கட்டும். ஆலை வெடித்தபோது நான் உலர்த்தும் அறையில் இல்லை. பின்கதவு வழியாக நான் வரவில்லை. யாரும் வரவில்லை. வண்டி எதுவும் அங்கே நிற்கவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஆலை வாசலில் டோக்கன் பலகை இருக்குமே, நீ மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் பார்த்திருப்பாய். ஆளுக்கொரு பித்தளை டோக்கன், எண் வெட்டியது. உள்ளே போகும்போது அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். எட்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் டைம்கீப்பர் வந்து, காலியாக இருக்கும் ஆணிகளைக் குறித்துக்கொண்டு போவார். மூன்று தடவை காலி ஆணி என்றால் சீட்டுக் கிழிந்தது. எனக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. என் லட்சணம் உனக்குத் தெரியாததா, அம்மா தண்ணீர் தெளித்து எழுப்பின பிள்ளைதானே நான்.

அதனால் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் தாமதமானால் என் டோக்கனையும் அவரே மாட்டிவிடுவார். ஆனால் திருப்பி மாட்டுவார், எண் பலகைப் பக்கம் போகிற மாதிரி. நான் வந்ததும் அதை நேராகத் திருப்பிவிட்டு உள்ளே போக வேண்டும். டோக்கன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். சாப்பிடப் போகும் வழியில் ஒரு பார்வை பார்த்தால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். டைம்கீப்பருக்கு ஆணி காலியா இல்லையா என்றுதான் தெரியும், அவர் கண்ணாடி அவ்வளவுதான். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. உலர்த்தும் அறையில் என் வேலை மாவுத் தூசி பிடிக்கும் பைகளை உதறுவது. அரை மணிக்கொரு தடவை உதறிவிட்டு, உதறியாயிற்று என்பதற்கு அங்கிருக்கும் மணியை ஒரு தடவை அடிக்க வேண்டும். மணி கேட்கவில்லையென்றால் சூப்பர்வைசர் என்னவென்று பார்க்க வந்துவிடுவார். அதனால் நான் இல்லாத நாட்களில் மாப்பிள்ளை தன் பேக்கிங் கூடத்திலிருந்து நைசாக நழுவி வந்து, பையை உதறி, எனக்காக மணியும் அடித்துவிட்டுப் போவார். உலர்த்தும் அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் பார்த்துச் சிரிப்பார்களே தவிரக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வாலுவுக்கு ஆறு வயது முடிகிறது என்று எல்லோரும் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொள்வதாக இருந்தோம். என் தலையைப் பார்த்து மாப்பிள்ளை ஒரு வாரமாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார், பிள்ளை போட்டோவில் காட்டுமிராண்டி வந்து நிற்கப் போகிறான் என்று. அன்று காலை ஆலைக்கு எதிரே முடிவெட்டும் கடை காலியாக இருந்தது. நான் உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். அவர் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். கையை ஆட்டி, "உங்க தலைக்கு நேரமாகும் மச்சான், நிதானமா வாங்க. நான் பாத்துக்கறேன்" என்று சத்தமாகச் சொன்னார். முடிவெட்டுகிறவரும் சிரித்தார். மாப்பிள்ளை வாசலுக்குள் போனார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

எட்டரைக்கு மணி அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டேன். வழக்கமாக நான் பட்டென்று ஓர் அடி அடிப்பேன். அவர் அடித்தால் சும்மா தட்டின மாதிரி மெதுவாகக் கேட்கும். மெதுவாகத்தான் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. தலையை ஆட்டாதே என்று முடிவெட்டுகிறவர் அதட்டினார். அதற்குள் எதிரேயிருந்த கண்ணாடி உடைந்து எங்கள் மேல் விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்ட மாதிரி இருந்தது.

பாப்பா, விசாரணையில் பேக்கிங் கூடத்து அக்கா சொன்னது உனக்கு மனப்பாடம். "இதோ வந்துடறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு, அவ்ளோதான் தெரியும்" என்றாள். அவரை யாரோ வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒன்பது வருடமாக நீங்கள் எல்லோரும் தலையை உடைத்துக்கொள்கிறீர்கள். யாரும் கூப்பிடவில்லை. எனக்காக மணியடிக்கப் போனார்.

நான் ஓடினேன். முன்வாசலில் நுழைய முடியவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்குப் போய், உலர்த்தும் அறையின் பின்கதவில் கை வைத்துத் தள்ளினேன். இரும்புக் கதவு. உள்ளங்கைத் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் கூப்பிட்டேன், கதவை உதைத்தேன், சத்தமே இல்லை. எல்லாம் ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர்களும் சொன்னார்கள். இத்தனை வருடம் பொய் சொன்னவன் வாயிலிருந்து வருவதால் இதை நீ தள்ளிவிடாதே. அவர் கஷ்டப்படவில்லை. இது ஒன்றையாவது நம்பு.

புகையில் இருமிக்கொண்டு முற்றத்திலிருந்து வெளியே வந்து விழுந்தேன். அதற்குப் பின்னால்தான் அந்தச் சுவர் கதவோடு இடிந்தது. முகமெல்லாம் கரி, கையில் தோல் இல்லை, ஒரு பக்கம் முடி இல்லை. என்னைத் தூக்கியவர்களில் ஒருவர், "உள்ளேருந்து வந்துட்டான்டா! ஒருத்தன் தப்பிச்சுட்டான்!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் முதலில் செய்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டோக்கனைப் பொய்யாக மாட்டினார் என்று தெரிந்தால் மாப்பிள்ளை மேல் பழி போட்டுவிடுவார்கள், உனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் கிடைக்காமல் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நிஜம் என்னவென்றால் எனக்குப் பயம். நான் நாற்காலியில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டிருந்தேன், என் இடத்தில் உன் புருஷன் நின்றார் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மணியை நான்தான் அடித்தேன் என்றேன். பின்கதவு வழியாக வந்தேன் என்றேன். அங்கே உன் மாப்பிள்ளையைப் பார்த்தாயா என்றார்கள். பார்க்கவில்லை என்றேன். அது ஒன்றுதான் பொய்யில்லாத பதில்.

அந்தப் பதிலை வைத்துத்தான் நீ உன் வீட்டையே கட்டிக்கொண்டாய். பேக்கிங் கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள், அவர் மட்டும் எப்படிக் காணாமல் போவார்? உலர்த்தும் அறையில் இருந்த என் அண்ணனே அவரை அங்கே பார்க்கவில்லையே? பின்கதவு திறந்திருந்ததே? மாவு வெடிக்குமா, வீட்டில் தினமும் அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறோமே? "எங்கேயோ இடிக்குது அண்ணா, எங்கேயோ இடிக்குது" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். சொந்தக்காரர்கள் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இல்லை பாப்பா. உனக்குத்தான் புத்தி சரியாக இருந்தது. இடிக்கத்தான் இடித்தது. பொய் ஒன்று இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டாய். அதைப் பெரிய பெரிய இடங்களில் போய்த் தேடினாய். அது உன் அடுப்படியில் உட்கார்ந்து, நீ போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த வண்டி எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைக்காரரின் மகன் என்னோடு உலர்த்தும் அறையில் வேலை பார்த்தவன், ஒரே பிள்ளை. நாற்பது நாள் கழித்து அவர் கடையின் பின்னறையில் முதல் தடவையாகக் கூடினோமே, நினைவிருக்கிறதா? அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "பின்பக்கம் ஏதாச்சும் வண்டி நின்னுதா தம்பி? நல்லா யோசிச்சுப் பாருங்க." இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீ அவர் தோளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாற்பது நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். "நின்ன மாதிரிதான் இருந்தது" என்றேன். அன்று சாயங்காலம் நீ இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். வாலுவுக்குத் தலை வாரிவிட்டாய். என்ன செய்துவிட்டோம் என்று எனக்குப் பகீரென்றது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. சத்தியமாக அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வண்டிக்கு ஒன்று கேட்டீர்கள், நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் நிறம், ஒரு வாரம் நீலத் தார்ப்பாய், ஒரு வாரம் ஓட்டுநரின் தொப்பி. டீக்கடைக்காரர் தானும் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணினார். அவர் பொய்யர் இல்லை, பாவம். கேட்டுக் கேட்டு அவருக்கே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கே சில நாள் அப்படி ஆகியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள். தூக்கத்தில் அந்த வண்டி வரும், பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

அந்தப் பின்னறையை நான் குறை சொல்லவே மாட்டேன். சொந்தபந்தம் ஆறு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டது. அங்கே மட்டும்தான் உனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். வெளியே எல்லோரும் 'நல்ல மனுஷனா இருந்தார்' என்றார்கள். அங்கே மட்டும் 'அவர் இருக்கார்மா' என்றார்கள். நான் உன் நிலையில் இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன். ஆனால் நாம் வண்டியைத் தேடிக்கொண்டிருந்ததில் ஆலைக்காரர்களுக்குத்தான் நிம்மதி. உலர்த்தும் உருளையின் பேரிங் சூடாகிறது என்று நாங்கள் மூன்று தடவை எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அந்தச் சூட்டில்தான் மாவுத் தூசி பற்றிக்கொண்டது. மாவுத் தூசி காற்றில் நிறைந்து நின்றால் வெடிக்கும் பாப்பா, எங்களுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தந்தார்கள். அந்தப் பேரிங்கைப் பற்றி இன்றுவரை யாரும் அவர்களை நிற்க வைத்துக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

என்னால் அங்கே இருக்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேன். வேலை நல்ல வேலை என்றெல்லாம் உன்னிடம் சொன்னது சும்மா. கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் என் உள்ளங்கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வார், என் பிள்ளையும் இந்தக் கதவைத்தான் தொட்டிருப்பான் என்று. அதைத் தாங்கிக்கொண்டு எத்தனை ஞாயிறு உட்கார முடியும்?

இந்தக் கடிதத்தைப் பின்னறையில் காட்டினால், மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். நானே அந்த அறையில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன். அதனால் மூன்று விஷயம் எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள். கண்ணாடிக் கடைக்காரர் தன் கடைச் சுவரில் டோக்கன் பலகையின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாரே, அதில் இரண்டாவது வரிசையில் ஒரு டோக்கன் மட்டும் திரும்பியிருக்கும். எண் தெரியாததால், கடத்த வேண்டிய ஆளுக்கு வைத்த ரகசிய அடையாளம் என்று அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறீர்கள். அது என் டோக்கன். நான் இன்னும் வரவில்லை என்று மாப்பிள்ளை எனக்காக வைத்த அடையாளம். ஒன்பது வருடமாக அது அந்தச் சுவரில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, நான் அதன் கீழேயே உட்கார்ந்து வண்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, முடிவெட்டும் கடைக்காரர். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறார். அன்று கூட்டத்தில் அவரைப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று கையைக் கூப்பினேன். இன்றுவரை சொல்லவில்லை. நான் சொல்லச் சொன்னதாகச் சொல், சொல்வார்.

மூன்றாவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் உட்கார்ந்து, ஈரத் துணியால் என் தலையைத் துடைத்துவிட்டாய். ஒரு பக்க முடியை நெருப்பு தின்றுவிட்டது என்று அழுதாய். சட்டையைக் கழற்றும்போது காலருக்குள் கொத்தாகப் பொடி முடி ஒட்டியிருந்தது. "என்ன அண்ணா, முடியெல்லாம் சட்டைக்குள்ள போயிருக்கு" என்று ஒவ்வொன்றாக எடுத்தாய். உன் புருஷன் எங்கே என்று தெரியாத நிலையில் உட்கார்ந்து எனக்கு முடி பொறுக்கினாய். கருகிய முடி அப்படியா இருக்கும்? நினைத்துப் பார்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நோட்டீஸ் துண்டுகளை எடுத்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டீஸ் எண் இல்லாமலே போகலாம், நான் ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். வாலுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடு. அவள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அவளுக்கு ஊசி என்றால் பயம், முகத்தை உன் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல். ஒன்பது வருடமாக அவர் ஓர் எண் போட்ட பெட்டிக்குள் இருக்கிறார் பாப்பா. பெண்டாட்டி பிள்ளை இருந்தும் யாருமில்லாதவர் மாதிரி இருக்கிறார். அவரை அடையாளம் தெரியாத மற்றவர்களோடு சேர்த்துப் புதைக்க விட்டுவிடாதே. போய்க் கூட்டிக்கொண்டு வா.

போவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தைப் பின்னறையில் எல்லோர் முன்னிலும் படி. உன்னால் முடியாவிட்டால் வாலு படிக்கட்டும். கண்ணாடிக் கடைக்காரரும் அவர் பிள்ளையைக் கூட்டி வர வேண்டும். அவர் என்ன திட்டினாலும் அது எனக்கு வேண்டியதுதான். பத்தாம் தேதி நானும் உன் அண்ணியும் அங்கே வந்து இறங்குகிறோம். ஆபீஸில் போய் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன், பேரிங் விஷயத்தையும் சேர்த்து. அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும். உன் வாசலுக்கு வரமாட்டேன். முடிவெட்டும் கடைக்காரர் மாடியில் ஓர் அறை இருக்கிறதாம், அங்கே இருப்பேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுதினால் அது இன்னொரு பொய். வருத்தம் இருக்கும். இருக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. முடிவெட்டிக்கொள்ளப் போனதற்கு மன்னிப்புக் கேட்கலாம், அது யாரும் செய்வது. ஒன்பது வருடம் உன்னை வாசலைப் பார்த்தபடி உட்கார வைத்ததற்கு என்னவென்று கேட்பது?

இந்த உறையில் என் டோக்கனை வைத்திருக்கிறேன். ஆலையை மூடும்போது பிழைத்தவர்களுக்கு அவரவருடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள், நானும் கூசாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அதை நான் மாட்டவில்லை, அவர் மாட்டினார். அவர் விரல் பட்டது. அது உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

வாலுவை விடுதிப் பள்ளிக்கு அனுப்பு. அவள் அப்பா அவளைத் தேடிக்கொண்டு வந்து ஏமாந்து நிற்க மாட்டார். அவள் எங்கே போனாலும் நன்றாக இருப்பாள், அவருடைய பிள்ளை அவள்.

அவரைக் கூட்டி வந்து, செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு, பூனையை வெளியே விட்டுவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள் பாப்பா. தாழ் துருப்பிடித்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் விடு. தாழ் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கு. இனிமேல் யாரும் வந்து தட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
அன்று உள்ளே இல்லாத
உன் அண்ணன்.